‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பத்திக்குள் வராத இசை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழியில் தங்கள் நாளிதழ் நாள்தோறும் வெளியிடும் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பத்தியைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சென்னையில் பதினான்கு நாட்கள் பாட்டுக் கேட்டுத் திரிந்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்தப் பத்தி இல்லாதிருந்தால் நான் கேட்ட கச்சேரிகளில் பாதியைக் கேட்டிருக்க மாட்டேன். மீதிப் பாதி அந்தப் பத்தியில் ஒரு நாளும் வரவில்லை; யாரோ சொல்லி, எங்கோ காதில் விழுந்து, தற்செயலாகப் போய்ச் சேர்ந்தவை. அந்த மீதிப் பாதிக்கும் பத்தியில் இடம் வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

எனக்கு ஏன் இந்த அக்கறை என்று தோன்றக்கூடும் என்பதால் என்னைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரத்திலிருந்து 15 கிலோமீட்டர் தொலைவில் கடலோரத்தில் உள்ள தேவிபட்டினத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் ரேடியோ செட் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன் நான். இப்போது என் மகன் அதே கடைக்குச் ‘சவுண்ட் சர்வீஸ்’ என்று போர்டு மாட்டியிருக்கிறான். வடக்கே திருப்பாலைக்குடி, காரங்காடு, தொண்டி வரையிலும், தெற்கே பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி வரையிலும் நான் குழாய் ஒலிபெருக்கி கட்டாத ஊர் குறைவு. அம்மன் கோயில் முளைப்பாரிக் கும்மிக்கு மைக் வைத்த மறுநாள், தர்கா சந்தனக்கூட்டில் தப்ஸ் முழங்குகிறவர்களின் முன்னால் அதே மைக்கை நிறுத்துவேன். அது முடிந்த கையோடு மாதா கோயில் சப்பரத்துக்குப் பின்னால் பாட்டரியைச் சுமந்து நடப்பேன். ஒரே ஆம்ப்ளிபையர்தான் எல்லாச் சாமிக்கும் பாடியது. ஆகவே இது உயர்ந்த இசை, இது மட்டமான இசை என்று பிரித்துக் கேட்கும் பழக்கம் எனக்கு வாய்க்கவில்லை. எந்த வாத்தியத்துக்கு மைக்கை எத்தனை சாண் தள்ளி வைக்க வேண்டும் என்ற வேறுபாடு மட்டும் நன்றாகத் தெரியும்.

காற்றும் தெரியும். வாடை வீசும் மார்கழியில் ஊரின் வடக்கு ஓரத்துத் தென்னையில் குழாயைக் கட்டினால்தான் தெற்குத் தெரு வரை பாட்டுப் போய்ச் சேரும். கச்சான் காலத்தில் மேற்கே கட்டத் தவறினாலோ, இடம் பார்க்காமல் கட்டினாலோ, பாடுவது முழுவதும் கடலுக்குப் போய்விடும்; மீன்தான் கேட்க வேண்டும்.

கடையை மகனிடம் ஒப்படைத்த பிறகு, காசிமேட்டில் வலை வியாபாரம் செய்யும் என் மைத்துனர் பல ஆண்டுகளாக விடுத்துவந்த அழைப்பை ஏற்று, கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு சேது எக்ஸ்பிரஸில் ஏறினேன். தங்கியது காசிமேட்டில் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், தங்கள் பத்தியில் வரும் கச்சேரிகளில் மிகப் பெரும்பாலானவை மயிலாப்பூர், ராயப்பேட்டை, ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் ஆகிய நான்கைந்து பேட்டைகளுக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன. வடசென்னையில் தங்கியிருக்கும் ஒருவர் அந்தப் பத்தியைப் படித்தால், ஆற்றுக்கு அந்தக் கரையில் நடக்கும் திருவிழாவை இந்தக் கரையிலிருந்து பார்ப்பது போலத்தான் இருக்கும்.

முதல் நாள் மியூசிக் அகாடமிக்குப் போனேன். காலை 8 மணிக்கு அங்கே நடக்கும் லெக்-டெம் எனப்படும் விளக்க உரைகளுக்குக் கட்டணம் கிடையாது என்பதை மைத்துனர் மகன் கைபேசியில் பார்த்துச் சொன்னான். 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிக் கூட்டப்பட்ட இசை மாநாட்டின் விளைவாக 1928இல் பிறந்த அமைப்பு அது. உள்ளே போய் உட்கார்ந்ததும் எனக்கு ஏற்பட்டது பெருமை கலந்த ஒரு வியப்பு. வர்ணத்தில் தொடங்கி, சில கீர்த்தனைகளைப் பாடி, ஒரு ராகத்தை விரிவாக எடுத்துக்கொண்டு, தனி ஆவர்த்தனம் விட்டு, துக்கடாக்கள் பாடி, மங்களத்தில் முடிக்கும் இன்றைய கச்சேரி முறையை வகுத்து நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அவர் 1938இல் இதே அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். அவருடைய குருவான பூச்சி சீனிவாச ஐயங்கார் 1860இல் ராமநாதபுரத்தில் பிறந்தவர், சேதுபதிகளின் சமஸ்தானத்தில் ஆதரிக்கப்பட்டவர். அரியக்குடியும் 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்படும் வரை எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து ஊர்தான். பாட்டில் ராமநாதபுரம் கிருஷ்ணன், மிருதங்கத்தில் ராமநாதபுரம் முருகபூபதி என்று ஊர்ப் பெயரைத் தலையில் சுமந்தே சென்னை மேடைகளில் அமர்ந்த பெரியவர்களும் உண்டு. எங்கள் பக்கத்துச் சரக்கு சென்னைக்குப் போய்ச் சபை ஏறியிருக்கிறது. ஆனால் ராமநாதபுரத்துக்காரன் இன்று ஒரு கச்சேரி கேட்க வேண்டுமென்றால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் நடந்தது கசப்பானது. மாலை 6.15 மணிக்கு ஒரு சபாவில் நான் பல ஆண்டுகளாக வானொலியில் மட்டுமே கேட்டுவந்த ஒருவரின் பாட்டு என்று பத்தியில் போட்டிருந்தது. அது தங்கள் பத்திரிகை அன்று, வேறொரு நாளிதழ். இரண்டு பேருந்து மாறி, ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து, வேட்டி சட்டையை நீவிவிட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றேன். அன்றைய சீட்டுகள் காலையிலேயே தீர்ந்துவிட்டன என்றும், மிச்சமுள்ள இருக்கைகள் உறுப்பினர்களுக்கானவை என்றும் வாசலில் இருந்தவர் சொன்னார். பத்திரிகையைப் பார்த்து வந்தேன் என்று நான் அந்தத் துண்டுத் தாளை எடுத்து நீட்டியதும், “பேப்பர்ல போட்டா எல்லாரும் வரலாம்னு அர்த்தமா, பெரியவரே?” என்று கேட்டார். கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் கேள்வி நியாயமானது என்பதைத் திரும்பி வரும் பேருந்தில் ஒப்புக்கொண்டேன். யார் பாடுகிறார், யார் வயலின், யார் மிருதங்கம், யார் கடம் என்பது வரை பிழையில்லாமல் அச்சிட்ட அந்தப் பத்தி, நான் உள்ளே போகலாமா கூடாதா என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதே சபாக்களில் பெரும்பாலானவை பகல் நேரத்தில் இளம் கலைஞர்களுக்கு மேடை தருகின்றன என்பதும், அந்தக் கச்சேரிகளுக்குக் கட்டணமே இல்லை என்பதும் எனக்கு ஐந்தாம் நாள்தான் தெரிந்தது. அன்று பகல் 2 மணிக்கு ஒரு சபாவில், இருபது வயதைத் தாண்டாத ஒரு பெண் கரகரப்பிரியா ராகத்தை எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அசராமல் பாடினார். கூடத்தில் நாற்பது பேர் இருந்திருப்போம். அதிலும் பத்துப் பேர் கேன்டீன் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர வந்தவர்கள். ‘அனுமதி இலவசம்’ என்ற இரண்டு சொற்கள் பத்தியில் இருந்திருந்தால் இன்னும் நாற்பது பேர் வந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். எந்தச் சபா கேன்டீனில் இந்த ஆண்டு யார் சமையல், எந்த நாளில் என்ன சிறப்புப் பலகாரம் என்பதற்கெல்லாம் நாளிதழ்களில் இடம் கிடைக்கிறது என்பதையும் கவனித்தேன். பலகாரத்தின் மீது எனக்குப் பகை ஒன்றுமில்லை. வாழைப்பூ வடை நன்றாகவே இருந்தது.

ஒலி பற்றித் தொழில்முறையில் ஒன்று சொல்ல வேண்டும். சபாக் கூடங்களில் நான் கேட்ட கச்சேரிகளில் பல, தேவைக்கு மேல் சத்தமாக இருந்தன. வயலினின் உடம்பில் ஒட்டிய சிறு மைக்கிலிருந்து வரும் ஒலி தகரத்தில் ஆணியால் கீறுவது போலக் கேட்டது. மிருதங்கத்தின் தொப்பி எனப்படும் தாழ்ந்த ஒலிப் பக்கம் அடிக்கடி நெஞ்சில் வந்து முட்டியது. பாடுகிறவர் தன் குரல் தனக்குக் கேட்கவில்லை என்று மேடையிலிருந்தே கையை உயர்த்திக் காட்ட, பின்னால் இருப்பவர் ஒட்டுமொத்தமாக எல்லாவற்றையும் கூட்டிவிட்டார். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு உரிமை குறைவு. கொடுத்த வாடகைக்கு நாலு ஊருக்குக் கேட்க வேண்டும் என்று ஊர்த் தலைவர்கள் சொன்னபோதெல்லாம் மறு பேச்சில்லாமல் குமிழைத் திருகியவன் நானும்தான். மைக் வருவதற்கு முன்பு பெருங்கூட்டத்துக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே உயர்ந்த சுருதியில் பாடினார்கள். மைக் வந்த பிறகு, தாழ்ந்த சுருதியில் நிதானமாகப் பாடவும் இழைக்கவும் முடிந்தது. நுணுக்கத்துக்கு வழிவிட்ட அதே கருவி இன்று நுணுக்கத்தை மூடுகிறது என்றால், கோளாறு கருவியில் இல்லை, குமிழில் இருக்கும் விரலில் இருக்கிறது.

இதைச் சொல்லக் காரணம், ஒலிபெருக்கியே இல்லாத இரண்டு பாட்டுகளை அந்தப் பதினான்கு நாட்களில் கேட்டேன் என்பதுதான். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக மைக் கட்டியவனுக்கு அந்த இரண்டும்தான் மனத்தில் நின்றன என்பதை என் மகனிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒன்று, மயிலாப்பூர் லஸ் அருகில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவில். ஜனவரியில் நடக்கும் மயிலாப்பூர் விழாவின் பகுதியாக, காலை நேரத்தில் மைக் இல்லாமல் கச்சேரி வைக்கிறார்கள். ஒரு சிறு மேடை. எதிரே சில வரிசை நாற்காலிகள், தரையில் விரிப்பு. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் காலணியோடு ஓரத்தில் நின்றார்கள். தம்பூராவின் ஒலி முதல் மூன்று வரிசைக்கு அப்பால் போகவில்லை. பாடியவர்கள் இளையவர்கள். முதல் பாட்டில் அவர்களுடைய குரலை விடக் காகங்களின் குரல்தான் பெரிதாக இருந்தது. இரண்டாம் பாட்டின் நடுவில் ஒரு மாற்றம் நடந்தது. யாரும் சொல்லாமலே கூட்டம் பேச்சை நிறுத்தியது. பின்னால் நின்றவர்கள் ஒவ்வோர் அடியாக முன்னே வந்தார்கள். என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மையார் கைப்பையின் ஜிப்பை மூடுவதற்குக்கூடப் பாட்டின் இடைவெளிக்காகக் காத்திருந்தார். வயலின் வாசித்தவர் வில்லின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு பாடுகிறவரின் குரலுக்குக் கீழே போனார். மிருதங்கக்காரர் உள்ளங்கையை விட்டு விரல் நுனிக்கு மாறினார். குமிழைத் திருகி நான் செய்யும் வேலையை அவர்கள் எல்லோரும் தங்கள் காதாலேயே செய்துகொண்டார்கள்.

மற்றொன்று காசிமேட்டில், மைத்துனர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. விசைப்படகில் தொழிலுக்குப் போய்வந்துகொண்டிருந்த ஒரு முதியவர் இறந்துவிட்டார். தெருவை அடைத்துச் சாமியானா போட்டு, குழல் விளக்குகள் கட்டியிருந்தார்கள். மாலையில் மைக் வைத்துப் பாடிக்கொண்டிருந்த கானாக் குழுவினர், இரவு 10 மணி ஆனதும் காவல்துறையினர் வந்து சொன்னதால் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டிலிருந்து உள்ள விதி. அந்த விதியால் எனக்கு எத்தனை முறை வாடகைப் பணம் பாதியாகியிருக்கிறது என்பது வேறு கதை. பாட்டு நிற்கவில்லை. டோலக்குக்காரர் நாற்காலியை நடுவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். இன்னொருவர் மடியில் ஒரு சட்டி இருந்தது. அதன் விளிம்பில் மோதிர விரலால் தட்டியபோது வந்த ஒலி மணி போலத் தெளிவாக இருந்தது. பாடியவருக்கு முப்பது வயது இருக்கும். இறந்தவரின் பெயர், அவர் ஏறிய படகு, புயலில் கரை திரும்பாத ஓர் இரவு, பேத்திக்கு வாங்கி வைத்திருந்த கொலுசு என்று பக்கத்தில் இருந்த உறவினர் காதில் சொல்லச் சொல்ல, அவர் அதையெல்லாம் அந்த நொடியிலேயே மெட்டில் ஏற்றிப் பாடினார். கொலுசு வந்த இடத்தில் சாமியானாவின் ஓரத்தில் நின்றிருந்த இளைஞர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ராகத்தை அந்த இடத்திலேயே கற்பனை செய்து விரிப்பதை மனோதர்மம் என்று காலையில் விளக்க உரையில் கேட்டிருந்தேன். ஒரு மனிதனின் வாழ்க்கையை அந்த இடத்திலேயே பாட்டாகக் கட்டுவதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

“அங்கெல்லாம் போய் நிக்காதீங்க மச்சான், சாவுப் பாட்டு” என்று மைத்துனர் என்னைத் தடுத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் அந்தத் தெருவிலேயே முப்பது ஆண்டுகளாக வாழ்பவர். கானா என்றால் சாவு, குடி, ரவுடி என்று ஒரு எண்ணம் நகரத்தில் ஊறிப்போயிருக்கிறது; அந்தப் பாட்டைப் பாடுகிற மக்களைப் பற்றிய எண்ணம்தான் பாட்டின் மீது ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பது என் கருத்து. சாவு வீட்டை ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பத்தியில் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது அந்தக் குடும்பத்தின் துக்கம். ஆனால் இதே பாடகர்கள் கோயில் விழாவிலும் பொங்கல் மேடையிலும் போட்டிகளிலும் பாடுகிறார்கள். 2018இல் முதல் மேடை ஏறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. 2020 முதல் டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ விழா நடக்கிறது. பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழாவில் கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. இவை நடந்து முடிந்த பிறகு படத்தோடு செய்தி வருகிறது. நடப்பதற்கு முன்பு, இன்ன இடத்தில் இன்ன மணிக்கு வாருங்கள் என்ற ஒரு வரி வருவதில்லை. அடுத்த நாள் செய்தியை வைத்துக்கொண்டு யாரும் பாட்டுக் கேட்க முடியாது.

கிறிஸ்துமஸ் வாரத்தில் எழும்பூரில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் போனேன். 1821இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் வட்ட வடிவக் கூடத்தில், குவிமாடத்துக்குக் கீழே நான்கு பிரிவுக் குரல்களும் குழாய் ஆர்கனும் சேர்ந்து எழுந்தபோது, ஒலி எங்கிருந்து வருகிறது என்று காட்ட முடியாதபடி நாலாப் பக்கமும் சூழ்ந்தது. காரங்காடு கோயிலில் கீபோர்டு வைத்துப் பாடும் எங்கள் பிள்ளைகள் இதை ஒருமுறை கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். 1893இலேயே மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் என்ற சேர்ந்திசைக் குழு சென்னையில் தொடங்கப்பட்டுவிட்டது என்பதையும் அங்கேதான் அறிந்தேன். அகாடமியை விட முப்பத்தைந்து ஆண்டுகள் மூத்தது. பத்தியில் அந்த வாரம் முழுவதும் ஒரு தேவாலயப் பாடல் நிகழ்ச்சிகூட இல்லை.

பாரிமுனைப் பக்கத்து ராஜா அண்ணாமலை மன்றம் காசிமேட்டிலிருந்து எனக்கு மிக அருகில் இருந்த அரங்கம். தமிழில் பாடல்கள் போதிய அளவு பாடப்படுவதில்லை என்ற குறையிலிருந்து எழுந்த இயக்கத்தின் பயனாக 1943இல் உருவான தமிழ் இசைச் சங்கத்தின் விழா அங்கே நடக்கிறது. பண் ஆராய்ச்சியும் நடக்கிறது. ஓதுவார் ஒருவர் தேவாரத்தைப் பண்ணோடு பாடக் கேட்டேன். சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. அன்று ஒலி அமைத்தவரை நேரில் பார்த்துப் பாராட்டிவிட்டே வந்தேன். மயிலாப்பூர் மாட வீதிகளில் பாபநாசம் சிவன் வழியில் வந்த விடியற்காலை பஜனையைக் கேட்க ஒரு நாள் மூன்றரை மணிக்கே எழுந்து புறப்பட்டேன். போய்ச் சேர்ந்தபோது முடியும் நிலையில் இருந்தது. மைத்துனர் மகன் தன் நண்பர்கள் பாடும் ஒரு கஃபேக்கும் என்னை அழைத்துப்போனான். பிள்ளைகள் கிதார் வைத்துக்கொண்டு தாங்களே எழுதிய தமிழ்ப் பாட்டுகளைப் பாடினார்கள். பாட்டு நன்றாக இருந்தது. காபியின் விலையைக் கேட்ட பிறகு அடுத்த பாட்டு என் காதில் சரியாக ஏறவில்லை.

இசைக்காக யுனெஸ்கோ 2017இல் சென்னையைப் படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சேர்த்தது. அந்தப் பெருமைக்கு உரியது சபாக்களின் இசை மட்டும்தானா என்று வெளியூர்க்காரன் ஒருவன் கேட்டால், நாளிதழ்ப் பத்தியைப் பார்த்தவரையில் ஆமாம் என்றே சொல்ல வேண்டியிருக்கும். இஸ்லாமியப் பாடல்களுக்குத் தமிழ்நாடெங்கும் முகமாக விளங்கிய நாகூர் ஹனிபா பெயரில் நாகூரைத் தாங்கியிருந்தாலும் 1925இல் பிறந்தது ராமநாதபுரத்தில்; 2015இல் மறைந்தது சென்னையில். அவருடைய பாட்டு ஒலிக்காத நாள் என் கடையில் குறைவு. அந்த மரபில் இன்று மேடையில் பாடுகிறவர்களை மார்கழிச் சென்னையில் எங்கே கேட்பது என்று பலரிடம் விசாரித்தேன். கேட்கவே முடியாமல் ஊர் திரும்பினேன். பாடுகிறவர்கள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். எங்கே, எப்போது என்று சொல்ல ஆளில்லை.

இதற்கு என்ன காரணம் என்றும் யோசித்தேன். தங்களுக்கு யார் மீதும் ஓரவஞ்சனை இருப்பதாக நான் கருதவில்லை. சபாக்களுக்குச் செயலாளர் இருக்கிறார், அலுவலகம் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலை அச்சிட்டுப் பத்திரிகை அலுவலகங்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். புளியந்தோப்பிலோ காசிமேட்டிலோ கானாப் பாடுகிறவரிடம் அச்சிட்ட அழைப்பிதழ் இருக்காது. அவருடைய நிகழ்ச்சி இரண்டு நாள் முன்பு முடிவாகும். இன்ஸ்டாகிராமில் ஒரு படமாக வரும். மைத்துனர் மகனின் கைபேசியில் அத்தகைய படங்கள் பத்துக்கு மேல் இருந்தன. ஆக, அழைப்பிதழ் அனுப்ப வசதி உள்ளவர்களின் இசையே பத்தியில் ஏறுகிறது. தானாக வந்து சேருவதை மட்டும் அச்சிடாமல், வராதவற்றைத் தேடி எடுக்கவும் ஓர் இளைஞரை டிசம்பர், ஜனவரி இரண்டு மாதங்களுக்காவது நியமிக்க முடிந்தால் போதும். ஒரு வாட்ஸ்அப் எண்ணைப் பத்தியின் அடியில் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அத்துடன், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரே அனுமதி யாருக்கு, கட்டணம் உண்டா, சீட்டு எங்கே எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். இரவில் திரும்பும் வழியையும் ஒரு வரியில் சொல்லலாம். மெட்ரோ ரயில் இரவு 11 மணி வரை ஓடுகிறது என்று தெரிந்திருந்தாலும், டி.டி.கே. சாலையில் கச்சேரி முடிந்து வெளியே வந்த ஒரு இரவில் எந்த நிலையம் அருகில் என்று தெரியாமல் காசிமேடு வரை ஆட்டோவுக்குக் கொடுத்த பணத்தில் இரண்டு கச்சேரி கேட்டிருக்கலாம். வெளியூரிலிருந்து வரும் வாசகர் பல நேரங்களில் மங்களம் வரை இருக்காமல் எழுந்து போவது இசையில் ஈடுபாடு குறைந்ததால் அன்று; வண்டி போய்விடுமே என்ற பயத்தால்.

இந்த வேண்டுகோள் சென்னைப் பதிப்புக்கு மட்டும் உரியதன்று. நான் ஆருத்ரா தரிசனத்துக்கு உத்திரகோசமங்கையில் இருக்க வேண்டும் என்று மார்கழிக்குள்ளேயே ஊர் திரும்பிவிட்டேன். ஆண்டுக்கு ஒரு நாள் சந்தனக்காப்பு களையப்படும் மரகத நடராசரைக் காணக் கூட்டம் அலைமோதும் என்பது தங்கள் மாவட்டப் பதிப்பில் ஆண்டுதோறும் விரிவாக வருகிறது. அன்று இரவு அங்கே யார் நாகசுரம், யார் தவில், திருவாசகம் ஓதுகிறவர்கள் எந்த ஊரார் என்பது வந்ததில்லை. கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடும் அம்பாப் பாட்டைக் கேட்க வேண்டுமென்றால், எந்தக் கரையில் எந்த நேரத்தில் வலை இழுக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அது இப்போது வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் மீன் வாங்கும் வியாபாரிக்கும் மட்டும் தெரிந்த செய்தியாக இருக்கிறது. சென்னையிலிருந்து ராமேசுவரத்துக்கு வருகிறவர்கள் கோயிலையும் தனுஷ்கோடியையும் பார்த்துவிட்டு ரயில் ஏறுகிறார்கள். நான் அவர்களுடைய ஊரில் பதினான்கு நாட்கள் பாட்டுக் கேட்டது போல, அவர்கள் எங்கள் கரையில் இரண்டு நாளாவது கேட்கலாம்.

தாங்கள் இசைந்தால், தொண்டி முதல் ஏர்வாடி வரையிலான கரையோர ஊர்களின் செய்திகளை நான் மாதந்தோறும் எழுதி அனுப்பச் சித்தமாக இருக்கிறேன். மைக் கட்டும் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் எந்த ஊரிலும் விழா நடக்க முடியாது. மாதிரிக்கு ஒன்று இதனுடன் எழுதுகிறேன். ஆடி மாதம், தேவிபட்டினம் அருகே அம்மன் கோயில் முளைப்பாரி. பெண்கள் கும்மி, இரவு 8 மணிக்குத் தொடங்கும். 10 மணிக்கு மேல் மைக் இல்லாமல் தொடரும். கட்டணம் இல்லை, யாரும் வரலாம். ராமநாதபுரத்துக்குக் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
தேவிபட்டினம், ராமநாதபுரம் மாவட்டம்.